துக்க வீட்டு அண்டா

சிம்பெபோ கிராமத்தில் அநாதைகளே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க 'நாளைய கூடு' அமைப்புக்கு ஒரு மழைக்காலத்தின் பாதி தேவைப்பட்டது. எங்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம். ஆனால் எங்களைக் கேட்பது அவர்களுடைய வேலைத்திட்டத்தில் நான்காம் கட்டமாக இருந்தது. மூன்றாம் கட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

முதலில் அண்டாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பொதுவான பெரிய அலுமினிய அண்டா. தலைவர் சிம்பெபோவின் வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடக்கும். (ஊருக்கும் தலைவருக்கும் ஒரே பெயர்தான். ஒரு தலைவர் போனால் அடுத்தவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வார்.) யாராவது இறந்தால் மட்டும் அண்டா வெளியே வரும். துக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் சோள மாவில் நிசிமாக் களி கிண்டிப் போட வேண்டுமே. அதனால் அதற்குத் துக்க வீட்டு அண்டா என்று பெயர். அதன் சொந்தக்காரர்கள் இறந்துபோனவர்கள்தான், நான் வெறும் காவல்காரன் என்று தலைவர் சொல்வார்.

எங்கள் ஊர்ப் பெண் எனிஃபா அந்த அண்டாவைக் கேட்டுப் போனது முந்தைய ஆண்டின் பசி மாதங்களில். மழை கொட்டும், சோளம் பச்சையாக இடுப்பளவு நிற்கும், குதிரில் எலிகூடத் தங்காது. அந்த மாதங்கள். எனிஃபாவின் தங்கை 'அந்த நோய்' வந்து இறந்து, மூன்று பிள்ளைகள் எனிஃபாவிடம் இருந்தார்கள். ஊரில் அப்படி இன்னும் பல பிள்ளைகள். சிலருடைய பெற்றோர் கல்லறைத் தோப்பில் இருந்தார்கள், சிலருடைய பெற்றோர் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தார்கள். இரண்டு இடத்திலிருந்தும் சேதி வருவதில்லை. எனிஃபா காலையில் கஞ்சி காய்ச்சினால் புகையைப் பார்த்தே பிள்ளைகள் குவளைகளோடு வந்து நிற்பார்கள். வீட்டுச் சட்டி போதவில்லை.

தலைவர் தயங்கினார். "இது செத்தவங்க அண்டா, எனிஃபா."

"செத்தவங்க எப்பவாவதுதான் தலைவரே சாப்பிடறாங்க. அவங்க விட்டுட்டுப் போன பிள்ளைங்க தினமும் சாப்பிடுதுங்க."

தலைவர் ஒரு நாள் யோசித்துவிட்டுக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: சாவு விழுந்தால் அண்டா துக்க வீட்டுக்குப் போய்விட வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளும் துக்க வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

ஜெபக்கூடத்துக்குப் பக்கத்து மாமரத்தடியில் காலைக் கஞ்சி தொடங்கியது. ஒரு வீட்டிலிருந்து ஒரு பிடி மாவு, இன்னொரு வீட்டிலிருந்து நிலக்கடலைப் பொடி, மூன்றாவது வீட்டிலிருந்து விறகு. எனிஃபா துடுப்பால் கிளறுவாள். பிள்ளைகள் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள். ஒரு வருடம் அது எந்தக் கோளாறும் இல்லாமல் நடந்தது. அங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். கோளாறு இல்லாமல் நடக்கிற எதுவும் சாலையிலிருந்து வெள்ளை வண்டிகளின் கண்ணில் பட்டுவிடும்.

வண்டியிலிருந்து இறங்கியவர் லாமெக் ம்சோசா. நாளைய கூட்டின் கள அலுவலர். முப்பது வயது இருக்கும், நல்ல மனிதர், சட்டைப் பையில் நான்கு பேனாக்கள். கஞ்சியைப் பார்த்ததும் அவருடைய கண்கள் கலங்கின. இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். கஞ்சி என்றாள் எனிஃபா. அது தெரியும், இந்த முயற்சிக்கு என்ன பெயர் என்றார். எனிஃபா கொஞ்சம் யோசித்து, காலைக் கஞ்சி என்றாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். மாவு, முடிந்தால் சர்க்கரை, மழைக்கு மேலே ஒரு தகரம் என்றாள் எனிஃபா. அவர் தலையாட்டிக்கொண்டே வேறெதையோ நீளமாக எழுதினார். அடுத்த வாரம் எனிஃபாவுக்குப் பயிற்சி வந்தது.

பயிற்சி மாவட்ட நகரத்தில். வண்டி தினமும் விடியும் முன்பே வந்து எனிஃபாவையும், கிளறுவதில் அவளுக்கு உதவும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு இறக்கிவிட்டது. அந்த வாரம் மாமரத்தடியில் கஞ்சி இல்லை. பிள்ளைகள் காலையில் வந்து குவளைகளோடு நின்றுவிட்டுப் போனார்கள். எனிஃபா முதல் நாளே எழுந்து நின்று, நான் காலையில் காய்ச்சிவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறாள். பயிற்சியாளருக்கு அது வருத்தமாக இருந்தது. "நீங்களே கஞ்சி காய்ச்சப் போயிட்டா, இங்க கஞ்சியைப் பத்தி யாரும்மா பேசுறது?" என்றார்.

சுவரில் ஒரு பானையின் படம் ஒட்டியிருந்தது. கஞ்சி காய்ச்சுவதில் முதலில் வருவது எது என்று கேட்டார்கள். தண்ணீர் என்றாள் ஒருத்தி. தவறு. விறகு என்றாள் இன்னொருத்தி. அதுவும் தவறு. முதலில் வருவது பங்கேற்பு. பிறகு வருவது உரிமையுணர்வு. தண்ணீர் எட்டாவது இடத்தில் இருந்தது.

மதியம் கோழிக்கறியும் சோறும் போட்டார்கள். எங்கள் பெண்கள் கறியைத் தொடாமல், இடுப்பில் சுற்றிய சிதெஞ்சேத் துணியின் முனையில் முடிந்துகொண்டார்கள். மறுநாள் காலை அட்டவணையில் இல்லாத ஒரு வகுப்பு நடந்தது: 'உணவு வெளியேறுவதைத் தடுத்தல்'. பயிற்சிக்கு வந்தவர்கள் பிள்ளைகளுக்காகக் கறியைக் கொண்டுபோனால், பிள்ளைகளுக்கான திட்டம் எப்படி முன்னேறும் என்று பயிற்சியாளர் மனமுருகக் கேட்டார்.

எனிஃபா சான்றிதழோடு திரும்பினாள். கஞ்சி காய்ச்சத் தகுதியுள்ளவர் என்று அதில் போட்டிருந்தது. அதை நிலைக்கு மேலே செருகி வைத்துவிட்டு மறுநாள் காலை பழையபடி தண்ணீரிலிருந்து தொடங்கினாள்.

பிறகு தொடக்க விழா. பிள்ளைகள் ஒரு வருடமாகக் குடித்துவந்த கஞ்சியைத் தொடங்கிவைக்க அமைப்பின் இயக்குநரே வருகிறார், மாவு மூட்டைகளோடு வருகிறார் என்று சொன்னார்கள். மாவு என்றதும் ஊர் கழுவிப் பெருக்கியது.

எங்கள் நாட்டில் விழா என்றால் முதன்மை மேசை இருக்க வேண்டும். வெள்ளை விரிப்பு, பிளாஸ்டிக் பூக்கள், விருந்தினருக்கு நாற்காலிகள். நாற்காலிகளைப் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். ஆசிரியர்கள் நின்றுகொண்டு பாடம் நடத்தினார்கள். பக்கத்து ஊர்த் தலைவர் தனக்கு ஏன் மேசை இல்லை என்று கேட்டதால் இன்னொரு மேசை போட்டார்கள். பிறகு ஜெபக்கூடப் பெரியவர், சுகாதாரக் காவலர், கிணற்றுக் குழு, கிணற்றுக் குழுவின் பழைய தலைவர். கடைசியில் பார்த்தால் ஊர் முழுக்க மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் தரையில் குவளைகளோடு பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மாக்களும் மட்டும் இருந்தார்கள்.

பேச எழுந்த ஒவ்வொருவரும் மேசையில் இருந்த ஒவ்வொருவரையும் பதவியோடு விளித்து வணங்கினார். அது எங்கள் மரியாதை, விட முடியாது. பேசி முடித்தவரும் 'எனக்கு முன்பு உரையாற்றிய' என்று பட்டியலில் சேர்ந்துகொண்டதால் வணக்கம் வளர்ந்துகொண்டே போனது. நன்றி சொல்ல வந்தவர் வணங்கி முடித்ததும் களைத்து உட்கார்ந்துவிட்டார்.

அண்டாவையும் மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். அதன் வயிற்றில் பச்சைப் பெயின்ட்டில் அமைப்பின் சின்னம்: கூட்டில் ஒரு பறவை. பெயின்ட் காய வேண்டும் என்பதால் அன்றைக்கும் கஞ்சி இல்லை.

இயக்குநர் முனைவர் கண்டுலு அம்மையார் பேசினார். "இந்தக் குழந்தைகளுக்காக நான் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கேன். எல்லா ஊர் விடுதியிலயும் தலையணை மெத்துமெத்துன்னுதான் இருந்துச்சு. ஆனா எனக்குத் தூக்கம் வந்ததில்ல. ஒரு குழந்தையோட கண்ணீர் மத்தவங்களுக்கு வெறும் கண்ணீர். எங்களுக்கு அது ஒரு வாய்ப்பு. அந்தக் கண்ணீர் வத்திடாம பாத்துக்கறது நம்ம எல்லாரோட கடமை."

நாங்கள் கைதட்டினோம். பிறகு அம்மையார், மாவு பெற வேண்டிய அநாதைகள் எழுந்து நிற்கலாம் என்றார்.

யாரும் எழவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும்; உங்களுக்குச் சொன்னாலே புரியும். அம்மாவின் அக்கா பெரிய அம்மா, தங்கை சின்ன அம்மா. ஒரு அம்மா போனால் இன்னொரு அம்மா இருக்கிறாள். அவள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து தனக்கு அம்மா இல்லை என்று காட்டினால், அவள் முகத்துக்கு நேரே 'நீ செத்துப்போனாய்' என்று சொல்வதாக அர்த்தம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே அந்த மரியாதையைக் கற்றுக்கொடுத்துவிடுவோம்.

ம்சோசா பதறிப்போய், அநாதை என்றால் யார் என்பதை உரக்க வாசித்தார்: தாய், தந்தை இருவரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்தவர்.

தலைவர் சிம்பெபோ தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். அவருக்கு அறுபத்தைந்து வயது. அப்பா, அம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லோரும் போய்விட்டார்கள். நேர்மையான மனிதர். அவரைப் பார்த்துப் பக்கத்து ஊர்த் தலைவர் எழுந்தார். பிறகு ஜெபக்கூடப் பெரியவர். பஞ்சு ஆலையில் காவல்காரராக இருந்து ஓய்ந்துபோன, பல்லில்லாத மாகாசி, கோலை ஊன்றி எழுந்து நின்று அழ ஆரம்பித்தார். என் அம்மா போய் இத்தனை வருடத்தில் யாருமே என்னிடம் இதைக் கேட்டதில்லை என்றார்.

முதன்மை மேசை முழுவதும் நின்றது. தரையில் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மையார் ம்சோசாவோடு கிசுகிசுத்துவிட்டு முடிவை அறிவித்தார். நிற்கிறவர்கள் வயது வரம்பைத் தாண்டியவர்கள். உட்கார்ந்திருப்பவர்கள் அநாதைகள் அல்ல. ஆகவே இந்த ஊரில் அநாதைகள் இல்லை. இது அமைப்பின் பெரிய சாதனை, இவ்வளவு குறைந்த காலத்தில் வேறெந்த ஊரிலும் நடந்ததில்லை. மாவு மூட்டைகள் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.

எனிஃபா வண்டிக்குப் பின்னால் நடந்தாள். ம்சோசா இறங்கி அவளைத் தனியே அழைத்துப்போய், சரிபார்ப்பு நாள் என்று இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார். அன்றைக்குப் பிள்ளைகள் எழுந்து, எங்களுக்கு அம்மா இல்லை என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

"சார், நீங்க யார்கிட்ட வளர்ந்தீங்க?" என்று கேட்டாள் எனிஃபா.

அவர் பேனாக்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "பெரியம்மாகிட்டதான். அம்மான்னுதான் கூப்பிடுவேன். எனக்குத் தெரியாம இல்லம்மா. ஆனா ஆபீஸ் நேரத்துல எனக்கு அது தெரியாது."

அந்த வாரம் எனிஃபா செய்த வேலையை யாரும் செய்யக் கூடாது. ஊரில் மாவு தீர்ந்துகொண்டிருந்தது. கஞ்சியில் துடுப்பு நிற்காமல் சாய்ந்தது. பிள்ளைகளை உட்காரவைத்து அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தாள். தங்கையின் மகன்கள் இருவரும் கேட்டுவிட்டு ஓடிப்போனார்கள். மூத்தவள் ஃபலேசிக்குப் பத்து வயது. அவள் ஓடவில்லை.

"அப்போ நீங்க யாரு?"

"அன்னைக்கு ஒரு நாளைக்கு நான் பக்கத்து வீட்டுக்காரி."

"பக்கத்து வீட்ல ஆடுதானே இருக்கு?"

எனிஃபா சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொல்லிவிடு ஃபலேசி, சொன்னால் மூட்டை இறங்கும் என்றாள்.

சரிபார்ப்பு நாளில் ஃபலேசி தம்பிகளின் கையைப் பிடித்து எழுப்பி, எனிஃபாவைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எங்களுக்கு அம்மா இல்ல."

பின்வரிசையில் ஒருத்தி தன்னையறியாமல் ஒப்பாரியை எடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எல்லாப் பெண்களும் அழுதார்கள். தலைவர் தொப்பியைக் கழற்றினார். எனிஃபா நடுவில் உட்கார்ந்து, தனக்காக எழுந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சமூகத்தின் உணர்வுபூர்வமான ஈடுபாடு சிறப்பாக இருப்பதாக அம்மையார் பாராட்டினார்.

மூட்டை இறங்கியது. ஒன்று தரையைத் தொடவும் செய்தது. அப்போது, இதை யாரிடம் ஒப்படைப்பது என்று அம்மையார் கேட்டார். எனிஃபா முன்னால் வந்தாள்.

"நீங்க யாரு?"

"இவங்க அம்மா."

"இப்பதானே அம்மா இல்லைன்னு சொன்னாங்க?"

தலைவர் குறுக்கிட்டு, இறந்தவளுடைய அக்கா, அதாவது அம்மாதான், என்று விளக்கப் போய் எல்லாவற்றையும் கெடுத்தார். அம்மையார் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "பாருங்கம்மா. ஒண்ணு, இவங்க அநாதைங்க. அப்போ மாவை வாங்கிக்க ஆள் இல்ல. இல்லேன்னா வாங்கிக்க ஆள் இருக்கு. அப்போ இவங்க அநாதைங்க இல்ல. நடுவுல ஏதாவது இருக்கா, சொல்லுங்க."

"நடுவுல பசி இருக்கும்மா," என்றாள் எனிஃபா.

அது ஆலோசனை என்ற தலைப்பில் குறித்துக்கொள்ளப்பட்டது. மூட்டை வண்டியில் ஏறியது. அதன் பின்னாலேயே அண்டாவும் ஏறியது. சின்னம் போட்ட பொருள் அமைப்பின் பொருள், பொறுப்பான ஆள் கிடைக்கும்வரை அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று ம்சோசா யாரையும் பார்க்காமல் சொன்னார்.

இப்போது எங்களுக்குக் கஞ்சிக்கும் அண்டா இல்லை, சாவுக்கும் அண்டா இல்லை. எனிஃபா தன் வீட்டுச் சட்டியில் தவணை தவணையாகக் காய்ச்சினாள். கடைசித் தவணைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது மணி அடித்துவிட்டிருக்கும். சிலர் போவதையே விட்டார்கள். ஃபலேசி முதல் தவணையிலும் வரவில்லை, கடைசித் தவணையிலும் வரவில்லை. அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு எனிஃபாவை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு ஆடுகளின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தலைவர் வேறொரு கவலையில் வீடு வீடாகப் போனார். அண்டா வரும்வரை யாரும் இறந்துவிட வேண்டாம் என்று நோயாளிகளைக் கேட்டுக்கொண்டார். மாகாசி, முயற்சி செய்கிறேன் என்றார்.

ஒருநாள் காலை சட்டி காலியான பிறகும் மூன்று குவளைகள் நீண்டுகொண்டிருந்தன. எனிஃபா துடுப்பைக் கழுவி வைத்துவிட்டு, கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, சைக்கிள் டாக்சி பிடித்து நகரத்துக்குப் போனாள்.

நாளைய கூட்டின் அலுவலக வாசலில் அண்டா இருந்தது. முதலில் அதில் பிளாஸ்டிக் பூக்களைச் செருகி வைத்திருந்தார்களாம், இப்போது எடுத்துவிட்டிருந்தார்கள். மழைக்காலம் என்பதால் வருகிறவர்கள் அதில் நனைந்த குடைகளைச் செருகியிருந்தார்கள். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் தேங்கியிருந்தது.

ம்சோசா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அண்டாவை எடுக்க வேண்டுமானால் ஒரு நிறுவனமாகப் பதிய வேண்டும், பதிவதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

எனிஃபா செருப்பைக் கழற்றினாள். அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துக்க வீட்டுப் பெண்கள் உட்காருவதுபோல் இரண்டு கால்களையும் நேரே நீட்டிக்கொண்டாள்.

"ஊர்ல ஒரு துக்கம். அண்டா வேணும்."

அந்த அலுவலகத்தில் ஒரு பேனா வாங்குவதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். சாவுக்கு எதுவும் வேண்டாம். எங்கள் நாட்டில் சாவை யாரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தன் வீட்டுச் சாவுக்கு ஆள் வராது. ம்சோசா பேனாக்களை மேசையில் வைத்தார். ஓட்டுநர் சாவியை எடுத்தார். யாரோ குடைகளை உருவித் தண்ணீரைக் கொட்டினார்கள். உள்ளறையிலிருந்த பெண் அலுவலர்கள், இதற்கென்றே மேசை இழுப்பறையில் மடித்து வைத்திருக்கும் சிதெஞ்சேத் துணியை எடுத்துப் பாவாடைக்கு மேல் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் முனைவர் கண்டுலு. அவர் கிடங்கைத் திறக்கச் சொன்னார். துக்கத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது, மாவும் விறகும் கொண்டுபோவதுதான் முறை. அநாதைகள் என்று நிரூபிக்க முடியாததால் அடுக்கிக் கிடந்த அத்தனை மூட்டைகளும் யாருடைய அனுமதியும் இல்லாமல் வண்டியில் ஏறின.

வழியில் எனிஃபா அழுதாள். அது நடிப்பில்லை. தங்கை போன அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நிசிமா கிண்டிக்கொண்டிருந்ததில் அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. அம்மையார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். மேசையும் பூவும் இல்லாதபோது அவருக்கு நல்ல கைகள் இருந்தன.

"யாரு போனது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மூணு பிள்ளைங்களோட அம்மா."

அம்மையார் உச்சுக் கொட்டினார். "பிள்ளைங்கள நினைச்சு அழாதீங்க. அம்மாவோட கூடப் பொறந்தவ ஒருத்தி இருப்பாள்ல? அவ அம்மா இல்லாம வேற யாரு? பாத்துக்குவா."



வண்டி மாமரத்தடியில் வந்து நின்றபோது ஊர் ஓடிவந்தது. அண்டாவைப் பார்த்ததும் தலைவர் நடுங்கிப்போனார். "யாரு? மாகாசியா?"

"நான் இல்ல," என்றார் மாகாசி பின்னாலிருந்து.

"நான்தான் தலைவரே," என்றாள் எனிஃபா. "அன்னைக்கே எனக்காக எல்லாரும் அழுதாச்சு. நீங்க தொப்பியைக் கழட்டுனீங்க. சாப்பாடுதான் இன்னும் போடல."

தலைவர் வண்டியைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏற்கெனவே தரையில் உட்கார்ந்துவிட்ட அதிகாரிகளைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தொப்பியைக் கழற்றினார்.

"ஒண்ணு சொல்லிடறேன் எனிஃபா. நிஜமாப் போகும்போது மறுபடி அழச் சொல்லக் கூடாது."

"அழ வேணாம். அண்டாவ மட்டும் கொண்டாந்துடுங்க."

மூட்டைகள் இறங்கின. துக்க வீட்டுக்கு வந்த மாவைத் திருப்பி எடுத்துப்போகிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று நினைக்கிறேன். எனிஃபா அடுப்பை மூட்டி அண்டாவை ஏற்றினாள். இறந்தவளே சமைக்கலாமா என்று ஜெபக்கூடப் பெரியவர் சந்தேகம் கேட்டார். வேறு யார் கிளறினாலும் கட்டி தட்டும் என்று பெண்கள் சொன்னதால் விட்டுவிட்டார். பச்சைப் பறவை முதலில் கருகி, பிறகு உரிந்து விழுந்தது.

யாருடைய சாவு என்பது அம்மையாருக்குக் கஞ்சி பாதி குடித்தபோது தெரிந்தது. குவளையைக் கீழே வைத்தார். எழுந்தார். வண்டிக்குப் போகிறாரோ என்று நாங்கள் பயந்தோம். ஆனால் துக்கத்துக்கு வந்து, மாவு கொடுத்து, அழுதவளின் முதுகைத் தடவி, சாப்பிட்டும் ஆன பிறகு சாவு நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அமைப்பே பொய்த் துக்கத்துக்குப் போனதாகிவிடும். அவர் திரும்ப உட்கார்ந்தார். பிறகு, பராமரிப்பாளர் காலமானார் என்று குறித்துக்கொள்ளும்படி ம்சோசாவிடம் சொல்லிவிட்டு மீதிக் கஞ்சியைக் குடித்தார்.

ம்சோசா பேனாக்களை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தலைவரிடம் ஒரு பென்சில் வாங்கி எழுதி முடித்து, எனிஃபாவின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"அம்மா, இனிமே நீங்க எங்க கணக்குலயே கிடையாது. கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது. விழாவுக்குக் கூப்பிட முடியாது."

"பயிற்சி?"

"செத்தவங்களுக்கு எப்படிம்மா பயிற்சி குடுக்கறது?"

எனிஃபா துடுப்பை நிறுத்தினாள். "சத்தியமா?"

"சத்தியமா."

ஆடுகளின் பக்கத்திலிருந்து ஃபலேசி குவளையோடு வந்து நின்றாள். முறைப்படி ஒரு கேள்வி மிச்சம் இருந்ததால் ம்சோசா பென்சிலை எடுத்து அவளிடம், இனி உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். ஃபலேசி எனிஃபாவை ஒரு முறை பார்த்தாள். எனிஃபா அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் ஃபலேசி.

"அவங்கதான் செத்துட்டாங்களேம்மா."

"ஆமா," என்று குவளையை நீட்டினாள் ஃபலேசி. "ஆனா காலையில வந்து கஞ்சி காய்ச்சுவாங்க."